காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

நேற்று சாயங்காலம் பஜார் ரோட்டில் ஒரு லாரியிலிருந்து மிளகு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மழை விட்ட நேரம். ஈரச் சாக்கின் வாடையும் மிளகுக் காரமும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் வரிசையாக ஆறு தும்மல் போட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "மட்டாஞ்சேரில பொறந்துட்டு மிளகுக்குத் தும்முற ஒரே ஆளு நீதாண்டா" என்று நீ சொல்வது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷமாக விட்டது. இனிமேல் உன் காதில் விழாது என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வருகிறது.

நீ போய் ஐந்து மாதமாகிறது. மஞ்சள் காமாலை என்றார்கள். முப்பது வயசுக்காரனை மஞ்சள் காமாலை கொண்டுபோகுமா, டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று அன்றைக்கே உன் வீட்டு வாசலில் நின்று நாலு பேரிடம் சொன்னேன். என் குணம் உனக்குத் தெரியாததா? அம்மா பால் கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடித்தவன் நான். கல்யாணப் பத்திரிகை வந்தால், என்ன காரியத்துக்காக நம்மைக் கூப்பிடுகிறான் என்று யோசிப்பேன். நீ இதற்கு நேர் எதிர். ஊரில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாய்.

தொழிலில் மட்டும் அப்படி இல்லை. உன் அப்பா மிளகுத் தரகர். சின்ன வயசிலேயே உன் கையில் குத்தூசி வந்துவிட்டது. மூட்டையைப் பிரிக்காமல் சாக்கில் குத்தி, உள்ளே இருக்கிற சரக்கை எடுத்துப் பார்க்கிற அந்தக் கூர்க்குழாயை நீ பேனாவைப் போலப் பிடிப்பாய். மூட்டையின் தலையில் ஒரு குத்து, இடுப்பில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி ஊதுவாய். பொக்கு மணியெல்லாம் பறந்துவிடும். குத்துவது எப்போதும் வாங்குகிற பக்கத்து ஆள்தான். விற்கிறவன் குத்தூசியைத் தொடக்கூடாது என்பது பஜாரில் எழுதாத சட்டம். இதை எனக்குச் சொல்லித் தந்தவன் நீதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

எழுபதுகளின் நடுவில் நாம் இரண்டு பேரும் பிரீ டிகிரி முடித்தோம். அப்போதெல்லாம் நுழைவுத் தேர்வு கிடையாது, மார்க்குத்தான். எனக்குத் திருச்சூரில் இன்ஜினியரிங் இன்டர்வியூ கார்டு வந்தது. அதே வாரம் வில்லிங்டன் தீவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் கிளார்க் வேலையும் வந்தது. என் அப்பா காபி கிளப்பில் சரக்கு மாஸ்டர். அவர் போடும் மெதுவடைக்கு மயங்கிய ஒரு வாடிக்கைக்காரர் சொல்லி வைத்து வாங்கிய வேலை அது. இரண்டுக்கும் ஒரே திங்கட்கிழமை. அடுப்புப் புகையில் அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கீழே இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில். கிளார்க் வேலையை விட்டுவிட்டு ஐந்து வருஷம் படித்து, அதற்கப்புறம் வேலை இல்லையென்றால் வீடு என்ன ஆகும்? தூக்கம் வரவில்லை எனக்கு.

நீ வந்தாய். "நான் அப்ளையே பண்ணலடா, எனக்குக் கடை இருக்குல்லே" என்றாய். "சர்க்கார் சீல் அடிச்ச கார்டைப் பாத்து மயங்காதே. அது மூட்டையோட தலை. மூணு எடத்துல குத்திப் பாப்போம். படிச்சு முடிச்ச மூணு பேரைக் காட்டறேன், வா."

முதல் ஆளைப் பார்க்க வைப்பினுக்கு போட் ஏறினோம். எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். டுட்டோரியல் காலேஜில் பத்தாம் கிளாஸ் தோற்ற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. "எந்தினா மோனே இதொக்கெ?", எதற்கு மகனே இதெல்லாம் என்று மட்டும் என்னிடம் கேட்டுவிட்டுப் போர்டுக்குத் திரும்பிவிட்டார். இரண்டாவது ஆள் கும்பளங்கியில். சிவில். இடுப்புவரை தண்ணீரில் நின்று அப்பாவோடு இறால் வளர்க்கிற கெட்டுக்கு மடை கட்டிக்கொண்டிருந்தார். "இதுவும் சிவில் வேலைதானே" என்று அவரே சிரித்தார், அவர் அப்பா சிரிக்கவில்லை. மூன்றாவது ஆள் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. மெக்கானிக்கல். டைப்ரைட்டிங் கிளாஸில் பதினாலு வயசுப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஏ எஸ் டி எஃப் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது நீ சாயா வாங்கிக் கொடுத்தாய். "பாத்துட்டேல்லே? தேயிலைக் கம்பெனிக்குப் போடா. பின்னே உன் இஷ்டம்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சனிக்கிழமை காலையில் அப்பாவிடம் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியும்விட்டேன்.

அன்றைக்கு மத்தியானம், கம்பெனியில் கேட்டார்களே என்று சர்டிஃபிகேட் வாங்கக் காலேஜ் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் சேட்டன் நல்ல மனுஷர். "ரெண்டு பேரும் திருச்சூருக்கா? உன் கூட்டுக்காரனும் இன்னலே வந்து வாங்கிட்டுப் போயல்லோ. அவன் வெயிட்டிங் லிஸ்டில ஒண்ணாமத்தவனாமே" என்றார்.

நான் போகாவிட்டால் யாருக்கு இடம் போகும் என்று சொல்ல இன்ஜினியர் வேண்டுமா? குத்தூசியை நீயே கையில் வைத்துக்கொண்டு, பொக்கு இருக்கிற இடமாகப் பார்த்துக் குத்தி, என் உள்ளங்கையில் கொட்டியிருக்கிறாய். விற்கிறவன் குத்தக்கூடாது என்று சொன்ன வாயால் எனக்குச் சாயாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். படுபாவி என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். படிப்பு நல்லதா கெட்டதா என்கிற யோசனை அந்த நிமிஷமே செத்துவிட்டது. உனக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை திருச்சூரில், இன்டர்வியூ ஹாலுக்கு வெளியே வராந்தாவில் நீ நின்றுகொண்டிருந்தாய். கக்கத்தில் சர்டிஃபிகேட் கவர். என்னைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போயிற்று என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். வராந்தாவுக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே உரக்க "எஸ் சார்" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் நீயாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். ஆலுவா தாண்டியதும் சொன்னாய்: "எனக்கு ஆசை இருந்துதுடா. இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த மூணு பேரும் பொய் இல்லே. எனக்குன்னா அஞ்சு வருஷம் வெறுதே போனாலும் பின்னால கடை இருக்கு. உனக்கு என்ன இருக்கு? அதை யோசிச்சேன்."

அழகான பதில். தரகர் மகனுக்குப் பதில் சொல்லத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். நீ அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உன் அப்பாவோடு கடையில் உட்கார்ந்தாய். நான் லீவுக்கு வரும்போதெல்லாம் ஒன்றுமே நடக்காததுபோல போட் ஜெட்டி வரை கூட நடந்து வருவாய். இவன் எதற்கு இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

நீ சொன்னது அப்படியே நடந்தது. டிகிரியை வாங்கிக்கொண்டு வந்து மூன்று வருஷம் சும்மா இருந்தேன். தோப்பும்படியில் ஓலைக் கூரை போட்ட ஒரு டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவுக்குக் கண் முழுசாகப் போய், தம்பி படிப்பை நிறுத்திவிட்டு காபி கிளப் அடுப்படிக்குப் போனான். நீ ஒருநாள்கூட "அன்னிக்கே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னை வெறுக்க எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது வருஷக் கடைசியில் எனக்கு வேலை ஆர்டர் வந்தது. மின்சார போர்டில் அசிஸ்டென்ட் இன்ஜினியர். சர்க்கார் உத்தியோகம். போய்ச் சேர ஒரு மாதம் இருந்தது. சேரும்வரை வீட்டைத் தவிர யாருக்கும் மூச்சுவிடக்கூடாது, யாராவது மொட்டைக் கடுதாசி போட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று ஆர்டரை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த ஒரு மாதத்துக்குள்தான் ஒரு மத்தியானம் நீ உன் தங்கையைக் கூட்டிக்கொண்டு டுட்டோரியலுக்கு வந்தாய்.

"இவளுக்கு சீட் கெடச்சிருக்குடா. எலக்ட்ரிக்கல். அப்பா வேண்டாங்கறார், இவ போகணுங்கறா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ படிச்சவன். இவளே உன்கிட்ட கேக்கட்டும்" என்றாய். சொல்லிவிட்டு, உன் முகத்தைப் பார்த்து நான் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லிவிடக்கூடாது என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாயாக் கடைக்குப் போய்விட்டாய்.

அவள் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பதினேழு வயசு. ரெட்டைப் பின்னல். "அண்ணா, லேப்ல பொண்ணுங்களைத் தொட விடுவாங்களா, இல்ல பாத்துட்டு நிக்கணுமா?" என்று கேட்டாள். அதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். அடுத்து, "படிச்சா வேலை கெடைக்குமா அண்ணா?" என்றாள்.

அவள் கேள்வியில் ஒரு களங்கமும் இல்லை. ஆனால் நான் பார்த்தது அவளை இல்லை. கிழிந்த பாயும் ஒழுகுகிற ஓலையும் கரும்பலகையுமாக நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைக் காட்டத்தான் நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று பட்டது. வைப்பின்காரரைப் போல, கும்பளங்கிக்காரரைப் போல, இப்போது நான். எட்டு வருஷம் பொறுத்திருந்து பழி வாங்குகிறான் என்று நினைத்தேன். போதாக்குறைக்கு உன் வீட்டிலிருந்தே ஒரு இன்ஜினியர் வரப்போகிறாள்.

"என்னைப் பாரும்மா" என்றேன். மூன்று வருஷத்தையும் சொன்னேன். அப்பா கண்ணைச் சொன்னேன், தம்பியைச் சொன்னேன். என்னோடு படித்த நாலு பேர் இன்னும் வீட்டில் இருக்கிறதைச் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. பையில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

அவள் நோட்டை மூடினாள். கேட்க வந்த மற்ற கேள்விகளைக் கேட்கவே இல்லை. நீ ரோட்டைத் தாண்டி வந்து, "என்ன சொன்னான்?" என்றாய். "வேண்டாம்னு" என்றாள். என்னை ஒருதரம் பார்த்தாய். நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

"அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். வா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனாய்.

அடுத்த மாதம் நான் வேலையில் சேர்ந்தது தெரிந்து அல்வாப் பொட்டலத்தோடு ஓடி வந்தவன் நீதான். "ஆர்டர் எப்படா வந்தது?" என்று கேட்டாய். "போன வாரம்" என்றேன். அதையும் நம்பினாய். என்னைக் கட்டிக்கொண்டாய். அன்றைக்கு உன் தங்கையின் சீட் யாருக்கோ போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

உன் பதினாறாம் நாளன்று உங்கள் வீட்டில் திடீரென்று கரண்ட் போய்விட்டது. ஃப்யூஸ். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மின்சார இன்ஜினியர் இருக்கிறாரே என்று. நான் எழுந்திருப்பதற்குள் உன் தங்கை ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். கம்பியைப் பல்லால் கடித்து அளவாக வெட்டி, முறுக்கி, மாட்டிவிட்டு இறங்கினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். அந்தத் தெருவில் யார் வீட்டு மிக்ஸி, ரேடியோ, அயர்ன் பாக்ஸ் கெட்டாலும் இவளிடம்தான் வருமாம், உன் அம்மா சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து எனக்குக் காபி கொடுத்தாள்.

"உங்ககிட்ட கேட்டது நல்லதாப் போச்சுன்னு அண்ணன் சொல்லிட்டே இருப்பாங்க" என்றாள். "அவனாக்கும் நேரா உள்ளதைச் சொன்னவன்னு."

காபியைக் குடித்தேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

நீ என்றாவது கேட்பாய் என்று காத்திருந்தேன்டா. ஜெட்டிக்கு நடக்கும்போது, கடையில் உட்கார்ந்திருக்கும்போது, ஆஸ்பத்திரியில் உன் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோதுகூட. அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய், உன் ஆர்டருக்கு என்ன தேதி என்று ஒரு வார்த்தை. கேட்டால் சொல்லப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன், பஸ்ஸில் நீ சொன்னதைவிட அழகான பதில்கள். நீ கேட்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட என்னை நீ ஒரே ஒரு தடவை சந்தேகப்பட்டிருந்தால் இந்தப் பாரம் என் நெஞ்சில் இருந்திருக்காது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் இருப்பாள். ஆர்டர் காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன், தேதியை அவள் கண்ணால் பார்க்கட்டும். எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவள் கத்தலாம், முகத்தில் அறைந்து கதவைச் சாத்தலாம். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. அவள் உன் தங்கை. "போட்டே அண்ணா, சாரமில்லே, போனது போகட்டும்" என்று சொல்லி எனக்குக் காபி போட உள்ளே போய்விடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.