ஒட்டிக்கொண்ட இரண்டு டிக்கெட்டுகள்

1927 ஜனவரி 20, வியாழன்

காவடி முடிந்து கோயிலில் உட்கார்ந்து பேசினார்கள். அப்பாசாமி வீடு எரிந்ததிலிருந்து எல்லோருக்கும் கிலி. அவன் அப்பா இந்தச் சர்க்கரைத் தீவுக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது சர்க்கார் கொடுத்த கூலி டிக்கெட், கலியாணச் சீட்டு எல்லாம் சாம்பல். இனி ஊரார் பழைய காகிதம், ஏடு, படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காப்பாற்ற வேண்டுமாம். எங்கே? நான்தான் வாயைத் திறந்தேன். “என் வீடு கல்வீடு. ஐந்தாவது வரைக்கும் படிச்ச பொம்பளை இந்த ஊர்ல வேற யாரு?”

எதிர்வீட்டு பாக்கியம் முணுமுணுத்தாள்: “ஆறாவதும் படிச்சிருந்தா கோயிலையே கேட்டிருப்பா.”

காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜனவரி 28, வெள்ளி

பாக்கியமே அவள் அப்பாவின் பாட்டு ஏட்டைக் கொண்டுவந்தாள். வேறு வழி? அவள் வீட்டில் கரையான்.

கடைசியில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மருதை அண்ணன் வந்தார். இரண்டு டிக்கெட், அவருடையதும் பார்வதி அண்ணியுடையதும். இரண்டிலும் போட்டோ ஒட்டியிருக்கிறது. அண்ணி போய் எத்தனையோ காலம். அவள் முகம் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

கையை விட்டு விடவே மாட்டேன் என்கிறார். “அந்தக் காலத்துல இது மடியில இல்லாம கடைக்குப் போனாலே போலீசு புடிச்சுக்கும் தங்கச்சி. இப்பவும் இது இல்லாம வெளிய வந்தா காலு நடுங்குது. வெள்ளிக்கு வெள்ளி வருவேன். அவளை எனக்குக் காட்டணும்.”

“பேஷா வாங்கண்ணே” என்றேன்.

ஜனவரி 29, சனி

வக்குவா என்கிற தாழை ஓலையில் பின்னிய சர்க்கரைச் சாக்கு ஒன்று, ஆலையிலிருந்து வந்தது. தேய்த்துக் கழுவி வெயிலில் போட்டேன். அதில் எல்லாவற்றையும் அடுக்கி உத்தரத்தில் கட்டினேன். புருஷன் பெண்சாதி டிக்கெட்டுகளை முகத்தோடு முகம் பார்க்க வைத்தேன். மாலை மாற்றுகிறவர்கள் மாதிரி. எனக்கே என் புத்தியை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

பிப்ரவரி 4, வெள்ளி

அண்ணன் வந்தார். பார்த்தார். போனார். திரும்ப அதே மாதிரி வைத்தேன்.

பிப்ரவரி 11, வெள்ளி

அடைமழை. ஆற்றைத் தாண்ட முடியாமல் அண்ணன் வரவில்லை. சுவரெல்லாம் வியர்க்கிறது.

பிப்ரவரி 16, புதன்

உத்தரத்தில் எறும்புச் சாரை. சாக்கை இறக்கினேன். கை பிசுபிசுத்தது. கழுவினால் சர்க்கரை போய்விடுமா? ஓலைக்குள்ளே ஊறியிருந்தது ஈரத்தில் பாகாகிக் கசிந்திருக்கிறது. கரும்புக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கா இது தெரியாமல் போச்சு!

ஏடு தப்பியது. ஓரத்தில் மட்டும் எறும்பு. டிக்கெட் இரண்டும் — ஐயோ, ஒட்டிக்கிச்சு. முகத்தோடு முகம். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். தோல் உரிவது மாதிரி வந்தது. விட்டுவிட்டேன்.

சாமி, நாளன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே. நான் என்ன செய்வேன்?

பிப்ரவரி 18, வெள்ளி

“சாவி மகன்கிட்ட இருக்கு அண்ணே” என்று புளுகினேன். சாக்குக்கு ஏது சாவி? அவர் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

பிப்ரவரி 19, சனி

பாக்கியம் எறும்பைப் பார்த்துவிட்டாள். ஏட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள். “படிச்சவங்க வீட்டு எறும்புக்கும் படிக்கத் தெரியும்போல அக்கா.” நாளைக்கு ஊரே வந்து நிற்கும். நிற்கட்டும். அண்ணனுக்குத்தான் ஒரு வழி பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 22, செவ்வாய்

ரயிலேறி ரோஸ் ஹில் போனேன். போட்டோ எடுக்கும் ஜாக்கிடம் காட்டி ஓரத்தைக் கிளப்பப் போனேன், என் கையைத் தட்டினான். “பா ரிஸே, மதாம்!” இழுக்காதே என்கிறான். வெந்நீரில் ஊறவைத்தால் பிரியலாம். ஒரு முகம் வரலாம், இரண்டும் போகலாம். “செய்யட்டுமா?”

என்னுடையதா, நான் சரி சொல்ல? திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். ரயிலில் மடியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தேன்.

பிப்ரவரி 25, வெள்ளி

எல்லாம் சொல்லிவிட்டேன், ஜாக் சொன்ன வெந்நீர் வரைக்கும். கையில் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். முகர்ந்து பார்த்தார். “சக்கரை வாசனை” என்றார். அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“அவ மூஞ்சி எனக்கு மறந்துக்கிட்டே வருது தங்கச்சி. அதுக்குத்தான் வாரம் வாரம் வந்தேன். வா, அந்த வெந்நீரையே பாத்துடுவோம்.”

மார்ச் 1, செவ்வாய்

ஜாக் தட்டில் வெந்நீர் ஊற்றினான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரமோ. திடீரென்று அவர் சிரிப்புச் சத்தம்.

பார்வதி அண்ணி முழுசாக இருந்தாள். மூக்குத்தி கூடத் தெரிந்தது. அண்ணன் படம்தான் துகள் துகளாகத் தண்ணீரில் மிதந்தது.

“என் மூஞ்சி போனா போகுது. நான்தான் இங்க நிக்கிறேனே!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனோ முன்னை விடப் பயமாக இருந்தது. கையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “கிழவனைப் படம் புடிச்சு என்ன பண்ணப்போற?” என்றார். ஆனாலும் உட்கார்ந்தார், கட்டை மாதிரி, ஜாக் சிரிக்கச் சொல்லியும் சிரிக்காமல்.

மார்ச் 6, ஞாயிறு

சாக்குக்குப் பதில் பிஸ்கட் டின். காய்ந்த வேப்பிலை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பருத்தித் துணி. முகமில்லாத டிக்கெட்டையும் அண்ணன் தூக்கிப்போட விடவில்லை. “அவ பக்கத்துலயே வை. ஆனா துணி சுத்தி வை, தாயே!”

ஏப்ரல் 10, ஞாயிறு

பாக்கியம் ஏட்டைத் திரும்பக் கொண்டுவந்தாள். “ஒண்ணோட ஒண்ணு படாம வைக்கத் தெரியுமா அக்கா?”

“இப்ப தெரியும்” என்றேன்.

மே 27, வெள்ளி

மருதை அண்ணன் காய்ச்சலில் போய், நேற்றுப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. ஜாக் எடுத்த படத்துக்குத்தான் மாலை போட்டார்கள். அதை இன்று காலையில் அவர் மகன் கொண்டுவந்து கொடுத்தான். டின்னில் வைத்தேன்.

அவர் வருகிற நேரத்துக்குக் கை தானாக டின்னை இறக்கியது. துணிகளைப் பிரித்து அண்ணி படத்தையும் அண்ணன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், நடுவில் ஒரு விரல் இடம் விட்டு. கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டு, பிறகு துணி சுற்றி மூடினேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது. எழுந்து போய் டின்னை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.