எண்ணெய் இறங்கியும் பங்கு ஏறிய நாள்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீயும் நலம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், அதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வாரம் ஒருமுறை அவசர அவசரமாகப் பேசி வைப்பவள் இப்போது வேலை நேரத்தில் கூப்பிட்டு அம்மாவிடம் என்ன சமையல் என்று நிதானமாக விசாரிக்கிறாய். அம்மாவுக்கு அதில் சந்தோஷம், எனக்குச் சந்தேகம். உனக்கு வேலை இருக்கிறதா, இல்லையா? போனில் கேட்டால் அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா என்று மழுப்புவாய், அதனால் எழுதுகிறேன். எதை வைத்து இப்படிக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பங்குச் சந்தையெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா என்று நீ ஒருநாள் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

நம் சலவைக்கூடத்துப் பாய்லர் டீசலை எப்படிக் குடிக்கும் என்று உனக்குத் தெரியும். லாட்ஜ் விரிப்புகளும் ஆஸ்பத்திரிப் போர்வைகளும் வெந்து வெளுக்க வேண்டுமென்றால் அது குடித்துத்தான் ஆக வேண்டும். எண்ணெய் விலை ஏறினால் என் லாபம் அதிலேயே கரைந்துவிடும். நீ எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் சேர்ந்து, அந்தப் பனி தேசத்துக் கிணற்று வேலைக்குப் போனபோது நான் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கிப் போட்டேன். பெண் மேல் உள்ள பாசம் என்று உன் மாமா பார்த்தவரிடமெல்லாம் சொன்னான். பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். எண்ணெய் ஏறினால் பாய்லரில் போவது பங்கில் வரும், இறங்கினால் பங்கில் போவது பாய்லரில் வரும் என்பது என் கணக்கு. யாரும் சொல்லித் தரவில்லை, அனல் பக்கத்தில் நின்று நானே யோசித்தது. அன்றிலிருந்து பேப்பரில் வணிகப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறேன். எண்ணெய் ஏறுகிற நாட்களில் விமானக் கம்பெனி இறங்கும், சரி. பெயிண்ட்டும் டயரும் ஏன் இறங்க வேண்டும்? விசாரித்தால் இரண்டுமே எண்ணெயில் பிறந்த பிள்ளைகளாம். அதற்குப் பிறகு வீட்டில் வாளி, செருப்பு, சோப்பு டப்பா எதைத் தொட்டாலும் எண்ணெயாகவே தெரிந்தது. அம்மாவின் சீப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், முதல்ல சீப்பக் குடுங்க, ஆராய்ச்சிய அப்புறம் வச்சுக்கலாம் என்று பிடுங்கிக்கொண்டாள்.

எண்ணெய் ஏறினால் சந்தை இறங்கும் என்று நான் முடிவு கட்டியிருந்த நேரத்தில், போன வருஷம் எண்ணெயும் ஏறியது, சந்தையும் ஏறியது. என்ன மச்சான், உங்க விதி லீவுல போயிடுச்சா என்று உன் மாமா பல்லைக் காட்டினான். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அம்மாதான் விரிப்பை மடித்துக்கொண்டே, வேல செஞ்சாலும் உடம்பு சுடும், காய்ச்சல் வந்தாலும் சுடும், தொட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதானே என்றாள். ஆலை ஓடி, லாரி ஓடி, எண்ணெய் கேட்பவர்கள் பெருகி விலை ஏறினால் அது வேலைச் சூடு, சந்தையும் கூடவே ஏறும். எங்கோ சண்டை வந்து கப்பல் நின்று ஏறினால் அது காய்ச்சல், சந்தை படுத்துவிடும். இரண்டு நாளில் நானே அங்கே வந்து சேர்ந்திருப்பேன், அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் எண்ணெய் சரியத் தொடங்கியதும் எனக்குக் கொண்டாட்டம். அதுவும் கொஞ்ச நாள்தான். லாட்ஜ் வண்டி பாதி மூட்டையோடு வந்தது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. யாரும் எங்கும் போவதில்லை, தங்குவதில்லை, அதனால்தான் எண்ணெய்க்கே கிராக்கி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டீசல் மலிவு, வேக வைக்கத்தான் துணி இல்லை. முதலாளி, டீசல் இனாமாவே வந்தாலும் வெந்நீர் போட்டு நாமதான் குளிக்கணும் என்கிறார் பாய்லர்காரர். உங்கள் கம்பெனிப் பங்கும் இறங்கிக்கொண்டே போனது. என் கணக்கு தப்பு என்று உன் மாமா சொல்கிறான். பாதிதான் தப்பு.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. எண்ணெய் இன்னும் ஒரு படி இறங்கியிருக்கிறது, உங்கள் கம்பெனிப் பங்கு மட்டும் குதித்து ஏறியிருக்கிறது. அச்சுப் பிழை என்றே நினைத்தேன். மனம் கேட்காமல் தரகர் அலுவலகத்துக்கு நடந்தே போய், ஏம்மா, சரக்கு விலை இறங்குது, கடைக்காரன் மதிப்பு ஏறுது, இது எந்த ஊர் நியாயம் என்று அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேட்டேன். செலவக் குறைக்கிறாங்க சார், கிணத்துப் பக்கம் அஞ்சுல ஒருத்தர வேலைய விட்டு அனுப்புறாங்களாம், மார்க்கெட்டுக்கு அது பிடிக்கும், நல்ல நியூஸ்தான் சார், வித்துடாதீங்க என்றாள். அவள் மேல் கோபமில்லை, அவளுக்கு உன்னைத் தெரியாது. வீட்டுக்கு வந்து பங்கு ஏறியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஏறிச்சுன்னு சொல்றீங்க, மூஞ்சி ஏன் இறங்கிக் கிடக்கு என்றாள் அம்மா. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்க்கெட்டுக்குப் பிடிக்கும் என்றாளே, அந்த மார்க்கெட் யார் என்று யோசித்துப் பார்த்தேன். பங்கு வைத்திருப்பவர்கள்தான். அதாவது நான். பங்குதாரர்களே கம்பெனியின் உரிமையாளர்கள் என்று வருஷா வருஷம் அவர்கள் அனுப்பும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அந்த ஐந்தில் ஒருத்தி நீயாக இருந்தால், உன்னை அனுப்பியவர்களில் நானும் ஒருவன், அன்றைய ஏற்றம் அதற்கு எனக்குக் கிடைத்த கூலி. வித்துத் தொலைங்க மச்சான் என்கிறான் உன் மாமா. விற்க மாட்டேன். விற்றால் கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்து போய்விடும். தலைமை அலுவலகம் இங்கேதானே இருக்கிறது, அடுத்த மாதம் ஆண்டுக் கூட்டம், பங்குதாரர் எவரும் எழுந்து கேட்கலாமாம். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன். தோண்டத் தெரிந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, எண்ணெய் திரும்ப ஏறும்போது யாரை வைத்துத் தோண்டுவீர்கள் என்று. சும்மா சண்டைக்குக் கேட்கவில்லை, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும். எதற்குப் போகிறேன் என்று தெரியாமலேயே அம்மா, பெரிய முதலாளி கிளம்பிட்டாரு என்று கேலி பேசிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

அதற்குள் எனக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வேண்டும். வேலை இருந்தால் மற்றவர்களுக்காகக் கேட்பேன். இல்லையென்றால் உன் பெயரைச் சொல்லிக் கேட்பேன். வேண்டாம்ப்பா, மானம் போகும் என்று எழுதாதே, எழுதினாலும் நான் விடப் போவதில்லை. பனியில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, வாடகைக்கு முடை என்றால் அதையும் எழுது. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். வேலை போயிருந்தால் அம்மாவிடம் நீயே சொல், ஆனால் அதற்கு முன் என்னைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டு. முதலாளியைத் திட்ட உனக்கு உரிமை இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அப்பா