சால்வைக்குள் நீட்டிய கை

சிரம்பான்,
1934 ஆவணி.

என் வணக்கத்துக்குரிய அப்புவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகந்தானா? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கே சுகமாக இருக்கிறேன்.

இந்த ஊர்க் கடைத்தெருவில் கீழே வியாபாரம், மேலே குடித்தனம். சந்தடிக்குக் குறைவில்லை. எங்கள் ஊர்ப் பெரியகடைத் தெருவின் புகையிலை வாசம்தான் இல்லை. சனிக்கிழமை, மருந்தும் விற்கும் ஒரு சீனக் கிழவரிடம் குடை வாங்கப் போனேன். நீங்கள் புகையிலைத் தரகு பேசும்போது, விலை பிறருக்குத் தெரியாமல் சால்வைக்குள் விரல் பிடிப்பீர்களே, அந்த நினைப்பில் நானும் சால்வைக்குள் கையை நீட்டிவிட்டேன். கிழவருக்கு அது எப்படித் தெரியும்? மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கூட வந்த சாவகச்சேரி ஏரம்பு அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "தம்பி, உமக்குக் காய்ச்சல் எண்டு மனிசன் நாடி பாக்குது. கையை எடும்!"

நான் உடனே எடுக்கவில்லை, அப்பு.

காய்ச்சல் ஒன்றும் இல்லை, அம்மா பயப்பட வேண்டாம். என் சால்வை நைந்துபோயிற்று. ஊரார் யாரும் கப்பலேறினால் ஒன்று கொடுத்துவிடுங்கள். புதிது வேண்டாம், நீங்கள் கடைக்குப் போட்டுப் போகும் பழையது போதும்.

தபாலுக்கு நேரமாகிறது. சால்வையை அம்மா தோய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
மார்க்கண்டு