பக்கவாத்தியத்துக்கு விரித்த பாய்

இன்று மத்தியானம் உன் அம்மா உன் வயலின் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "இனி எனக்கு எதுக்கு தாயி? நீயே வச்சுக்க" என்றார். மூடியைத் திறந்ததும் வில்லில் தேய்க்கும் பிசின்கட்டியின் வாசனை வந்தது. நாகல் நகரில் உங்கள் முன்னறையில் எப்போதும் இருந்த வாசனை. தந்திகள் நான்கும் தளர்ந்து கிடந்தன.

எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ வாசிக்கும்போது தாளைப் புரட்டிக் கொடுக்க மட்டும் பழகியிருந்தேன். நீயும் உன் அக்காவும் நின்றபடி ஜோடியாக வாசிப்பீர்கள், ஐரோப்பாவில் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சங்கீதம். "இதுல என்ன ராகம்னே தெரியலையேடி" என்பேன். "தேடாத, சும்மா கேளு" என்பாய். அக்கா காய்ச்சலில் போன பிறகு, தனி வயலினுக்கென்று எழுதியவற்றை மட்டும் எடுத்தாய். ஆனால் நடுவில் நிறுத்தி, சுவர்ப் பக்கம் திரும்பித் தலையசைப்பாய், இப்போது நீ வாசி என்று யாருக்கோ சொல்வது போல.

நகரக் கலைமன்றத்தில் நீ தனியாக வாசிக்க ஏற்பாடானபோது, உன் அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "செத்தவ கூட வாசிக்கிறா தாயி இவ. நீ பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லு. கோளாறாத் தெரிஞ்சா அன்னைக்கே பெட்டியைப் பூட்டிருவேன்."

மன்றத்துச் செயலாளருக்கோ வேறு கவலை. "பக்கவாத்தியம் யாரும்மா?"

"யாருமில்ல சார். நான் மட்டுந்தான்."

"மிருதங்கம் வேணாம், சரி. சுருதிப் பெட்டி கூடவா வேணாம்? நல்ல கச்சேரிம்மா இது!" சிரித்தபடி போனவர், மேடை வழக்கத்தை விட மனமில்லாமல் உனக்கு வலப்பக்கம் ஒரு பாயை விரித்து, ஒரு தம்ளர் வெந்நீரும் வைத்துவிட்டார். அந்தப் பாயைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்தது. எடுக்கச் சொல்லவில்லை.

பேகம்பூர்ப் பக்கமிருந்து வந்த பாங்கோசை அடங்கியதும் தொடங்கினாய். ஒரே வயலினை இரண்டு குரலில் பேசவைப்பது அந்தச் சங்கீதத்தில் உண்டு. இரண்டு தந்திகளில் வில் ஒன்றாகப் படுவதை நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய். ஆனால் மூன்றாவது தாளை நான் புரட்டியபோது உன் வில் ஒரே தந்தியில்தான் இருந்தது. இன்னொரு குரல் பாய் இருந்த பக்கத்திலிருந்து, ஒரு மூச்சு பிந்தி, கூடவே வந்துகொண்டிருந்தது. கடைசியில் நீ வில்லை எடுத்துவிட்டாய். அந்தக் குரல் மட்டும் இன்னொரு வரி ஒலித்து நின்றது. பிறகுதான் கைதட்டினார்கள். தம்ளரில் வெந்நீர் வளையம் வளையமாக அசைந்துகொண்டிருந்தது.

மேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்தாய். "நீயும் கேட்டேல்ல? நான் வில்லை எடுத்த பொறவும்?"

உன் அம்மா கதவருகில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. கேட்டது என்று சொன்னால் நாளை முதல் உனக்கு வயலின் இல்லை.

"ஒரு வயலின்தான்டி. வேற என்ன கேக்கும்?" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். நீ என் கையை விட்டாய். "அப்ப எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்றாய், மெதுவாக. நீயே வயலினைப் பெட்டியில் வைத்து மூடி அவரிடம் நீட்டினாய். "பூட்டிரும்மா."

அதன்பின் நீ அதைத் தொடவில்லை. உன்னிடம் உண்மையைச் சொல்லத்தான் பலமுறை உங்கள் வீட்டுக்கு வந்தேன். வந்து, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். அந்தச் சத்தத்தை வாய்விட்டு ஒப்புக்கொள்ள எனக்குப் பயம். இந்த ஐப்பசியில் வந்த காய்ச்சல் உன்னையும் கொண்டுபோயிற்று.

இன்று நான் பெட்டியை மூடியதும் உன் அம்மா கிளம்பினார். நிலைப்படி வரை போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"செத்த நேரம் சும்மா இரு தாயி. உனக்கு ஏதாச்சும் கேக்குதா?"

தெருவில் வண்டிச் சத்தம்கூட இல்லை. பெட்டி மூடியே இருந்தது. உன்னிடம் சொல்லாமல் இத்தனை காலம் வைத்திருந்த சொல்லை அவரிடம் சொன்னேன்.

"கேக்குதும்மா."

"ஒண்ணா?"

"ரெண்டு."

அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் ஒரு பாயை எடுத்துவந்து பெட்டிக்கு அருகில் விரித்தேன்.