சாமியிடம் வைக்கத் தோன்றாத கேமரா

அன்புள்ள மகன் விமலனுக்கு,

கேமரன் மலைத் தோட்டத்து வீட்டிலிருந்து அம்மா சொல்ல, உன் தங்கை யோகேஸ்வரி எழுதுவது. நீ இப்போது எந்தக் கடலில் இருந்தாலும் அங்கே அலை அடங்கி, உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் எல்லாரும் சுகம் என்றுதான் எப்போதும் எழுதச் சொல்வேன், இந்த முறை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், பொறுமையாகக் கடைசிவரை படி. என் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். அதற்காகப் பயப்படாதே, மழையில் தேயிலைக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தபோது வடிகாலில் கால் வழுக்கிவிட்டது, மணிக்கட்டில் சின்ன விரிசல்தான். தானா ராத்தா மருத்துவமனையில் கட்டுப் போட்டு, சும்மா இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையை விட அந்தச் சும்மா இருப்பதுதான் வலிக்கிறது. அதனால்தான் எழுத்து யோகேஸ்வரியுடையது. நான் பேசுவதை அப்படியே எழுது என்றால், கடிதத்தில் அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா என்று பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிக்கொண்டிருக்கிறாள். படித்தால் நான் பேசுகிற மாதிரி இருக்காது, ஆனால் நான்தான்.

உன் கடிதம் தீபாவளி கழிந்துதான் வந்தது. அடுத்து யோக்கோஹாமாவில் இறங்கும்போது வீட்டுக்கு ஒரு கேமரா வாங்கி அனுப்பப் போகிறாய் என்றும், நீ இங்கே விட்டுப் போனதைப் போல லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமராவா, சட்டைப்பைக்குள் போகிற சின்னதா, எது வேண்டும் என்று யோகேஸ்வரி விவரம் பார்த்துச் சொல்லட்டும் என்றும் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தோம். இங்கே மழை விட்டபாடில்லை, கோலா தெர்லா பக்கம் மண் சரிந்து காய்கறி லோரிகள் எல்லாம் வரிசையாக நின்றுவிட்டன, முட்டைக்கோசு அழுகி நாற்றம் எடுக்கிறது என்று அந்தப் பக்கத்துச் சனங்கள் புலம்புகிறார்கள். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சோளம் சுட்டு விற்கிற செல்லம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எங்க மாப்ள எப்பக்கா கப்பல விட்டு எறங்குறாரு, பொண்ணு பாத்து வெச்சிருக்கேன், தலை நரைச்சிட்டா அவ வேற ஆளப் பாத்துக்குவா லா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். சோற்றைத் தவிர்த்துவிட்டு மீ நூடுல்ஸை மட்டும் கொதிக்க வைத்துத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இந்தப் பிள்ளையே எழுதட்டும், என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை.

அண்ணா, இங்கிருந்து எழுதுவது நான், யோகேஸ்வரி. அம்மா குழம்பை இறக்கப் போயிருக்கிறார். ஒரு கையால் எப்படி இறக்குவீர்கள், நான் வருகிறேன் என்றதற்கு, "நீ அந்த கேமரா விசயத்த எழுதி முடி, அப்பா வேலை விட்டு வந்துருவாரு" என்று விரட்டிவிட்டார். நீ கேட்டபடியே பள்ளி நூலகத்தில் இருந்த பழைய இதழ்களையும், கணினி அறையில் கிடைத்ததையும் எல்லாம் படித்தேன். முதலில் பெரிய கேமராவுக்குச் சாதகமாகத்தான் எழுதினேன். அதில் ஒளி வாங்கும் தகடு பெரியது, நம் ஊரின் மங்கல் வெளிச்சத்திலும் படம் நன்றாக வரும், முகத்தை மட்டும் தெளிவாக்கிப் பின்னால் இருக்கும் மலையை மென்மையாக்கலாம், எத்தனை வருஷம் ஆனாலும் லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சின்னதில் இதெல்லாம் குறைவு, கையில் அடங்கும், பின்பக்கம் பெரிய திரை இருக்கும், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "அதெல்லாம் இருக்கட்டும், இந்த ரெண்டுல எத உங்கப்பா சாமிகிட்ட வெக்க மாட்டாரு, அதச் சொல்லு" என்றார். எழுதியதை மடித்து வைத்துவிட்டேன்.

நீ விடுமுறையில் வந்திருந்தபோது நடந்த சரஸ்வதி பூசை உனக்கு மறந்திருக்காது. அதற்கு முந்தைய நாட்களில் பனி சொட்டும் சிலந்தி வலை, சாலையோரத்துப் பூக்கடை, கூடை சுமந்த அம்மாவின் முதுகு என்று எடுத்துத் தள்ளினாய். நாலு பேரும் சேர்ந்து ஒரு படம் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் ஏதாவது குறுக்கே வந்தது. ஒருநாள் மூடுபனி, ஒருநாள் அப்பாவுக்குக் கொழுந்து லோரியில் நடை அதிகம், ஒருநாள் உனக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை. பிறகு அப்பாவே, கேமராவைப் பூசையில் வைத்துவிட்டு விஜயதசமி காலையில் எடுத்து, முதல் படமாக நம் குடும்பத்தை எடுக்கலாம் என்று சொன்னார். நம் எல்லாருக்கும் அந்த யோசனை பிடித்துப்போனது. அப்பாவின் லோரிச் சாவி, அம்மாவின் கொழுந்துக் கத்தரி, என் புத்தகங்கள், இவற்றோடு கேமராவும் சாமி மேடையில் ஏறியது. அப்பா அதற்கு நெற்றி எது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் லென்ஸ் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அன்று முழுக்கப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பதால் நான் பிஸ்கட் டின்னில் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் உனக்கு அழைப்பு வந்தது. கப்பல் முன்கூட்டியே புறப்படுகிறது, விடிவதற்குள் கிள்ளான் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். நீ பையைக் கட்டிவிட்டுக் கேமராவை எடுக்கக் கையை நீட்டினாய். அப்பா, "இன்னைக்குத் தொடக் கூடாதுப்பா, சாமிகிட்ட வெச்சதாச்சே, நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்" என்றார். நீ சிரித்துக்கொண்டே, நாளைக்கு நான் இருக்க மாட்டேனேப்பா என்றாய். "அதுக்கென்ன, இங்கயே இருக்கட்டும், அடுத்த லீவுல வந்து நீயே எடு, எங்க ஓடிப் போவுது" என்றார் அப்பா. நீயும் கையை எடுத்துக்கொண்டாய். சாலைச் சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து வீட்டு மகேன் அண்ணன் தன் கைப்பேசியில் நம்மை ஒரு படம் எடுத்தார். அப்போது பனி இறங்கிவிட்டது. அந்தப் படத்தில் உன் சிவப்புப் பை மட்டும்தான் தெரிகிறது, நாம் நாலு பேரும் நாலு சாம்பல் நிழல்கள்.

நீ போனதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அப்பா கேமராவை மேடையிலிருந்து எடுத்தார், ஆனால் யாரையும் படம் எடுக்க விடவில்லை. முதல் படம் நாலு பேராகத்தான் எடுக்க வேண்டும், அவன் வரட்டும் என்றார். துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தார். இந்த ஊரில் செருப்பு, இடுப்பு வார் எல்லாவற்றிலும் பூசணம் பூக்கும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் அதை எடுத்துத் துடைத்துக் காற்றாட வைப்பார். இந்த வருஷப் பூசையிலும் அது மேடை ஏறியது. விஜயதசமியன்று எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தவர், "போச்சு, உள்ள பூசணம் ஏறிருச்சு, பிள்ள வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் வாங்கிப் பார்த்தேன், எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் லென்ஸுக்குள் வளரும் பூசணம் பழகாத கண்ணுக்குத் தெரியாது என்று எங்கோ படித்திருந்தேன், அதனால் அப்பா சொல்வதே சரி என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளி முடிந்ததும் அப்பாவும் நானும் அதை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினோம். பழுது பார்க்கும் கடையில் ஒரு சீன அங்கள் லென்ஸைக் கழற்றி, விளக்கில் காட்டி, சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார், அப்பாவைப் பார்க்கச் சொன்னார். அப்பா, இப்பவும் பூசணம் இருக்கு என்றார். அந்த அங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கேமராவில் ஒன்றும் இல்லை, அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போ என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். நான் அதைச் சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்பு. "அவருக்குப் பூசணத்தப் பத்தி என்ன தெரியும், நம்ம மலையில வந்து ஒரு வாரம் இருந்து பாக்கச் சொல்லு லா" என்றார். கடையை விட்டு வெளியே வந்தோம். நல்ல உச்சி வெயில், நான் கம்பளிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தேன், கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சாலையைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, இங்கயும் பனி எறங்கிருச்சு" என்றார்.

ஈப்போவில் ஏது பனி, அண்ணா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ மாதமாகக் காலையில் பசியாறும்போது அப்பா சன்னலைப் பார்த்து, இன்னைக்கும் பனி கெட்டியா இருக்கு என்பார். அம்மா ரொட்டியைத் திருப்பிக்கொண்டே ஆமாம் என்பார், நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே ஆமாம் என்பேன். இந்த ஊரில் பனி என்று ஒருவர் சொன்னால் யார் எழுந்து போய்ப் பார்க்கிறார்கள். ஒருவர் எழுந்து பார்த்திருந்தால் போதும். அந்தப் பனியோடுதான் அவர் வளைவுகளில் கொழுந்து லோரி ஓட்டியிருக்கிறார். ஈப்போ மருத்துவமனையில் சர்க்கரை கண்ணுக்குப் போயிருக்கிறது என்றார்கள். வலது கண் கைமீறிவிட்டது. இடது கண்ணுக்குத் தைப்பூசம் முடிந்ததும் அறுவைச் சிகிச்சை செய்வார்கள், இருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். அப்பா தானே போய்த் தோட்டத்து அலுவலகக் கிராணியிடம் லோரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது தொழிற்சாலை வாசலில் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடும் வேலை. எந்த லோரி வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவதாகப் பெருமையடித்துக்கொள்கிறார். உனக்கு எழுதக் கூடாது என்பது அவர் கட்டளை. "கடல்ல இருக்கிற பிள்ளைக்கு எழுதி என்னா ஆவப் போவுது, கப்பல் வேலையில ஒசர்றதுக்கு அவன் பெரிய பரீட்சைக்கு நிக்கிறான், கெடுத்துராதீங்க" என்றார். கேமராவைப் பற்றிக் கேட்டதற்கு, பெரியதையே வாங்கட்டும், அவனுக்கு அதில்தான் ஆசை என்றார்.

இன்னும் ஒன்று. மகேன் அண்ணன் அந்தப் படத்தைக் கடையில் அச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பா அதை இடது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். படமே பனிதான் என்பது அவருக்குத் தெரியாது, தன் கண்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று அம்மாவிடம், "எனக்குத்தான் ஒன்னும் பிடிபடல, ஒனக்கு விமலன் மொகம் தெரியுதா" என்று கேட்டார். அம்மா, "தெரியுதே, சிரிச்சிக்கிட்டு நிக்கிறான்" என்றார். "நான்?" என்று கேட்டார் அப்பா. "நீங்க எப்பவும்போல மொறைச்சிக்கிட்டு நிக்கிறீங்க" என்று அம்மா சொன்னதும் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் அம்மா அடுப்படிக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் போகவில்லை. அம்மா இப்போது வந்துவிட்டார்.

மறுபடியும் அம்மாதான். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். நான் அடுப்படிக்குள் போனதையெல்லாம் எதற்கு எழுதினாய் என்று கேட்டால் அந்த வரியை அடிக்க மாட்டேன் என்கிறாள், கட்டுப் போட்ட கையால் நான் என்ன செய்ய முடியும், இருக்கட்டும். விமலா, சாமிக்கு முன்னால் வைத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அப்பா மேலும் எனக்குக் கோபம் இல்லை. நம் வீட்டில் உயர்ந்த பொருள் எது வந்தாலும் நாம் அதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கிறோம். நீ வீட்டில் இருந்த ஒவ்வொரு நாளுமே நல்ல நாள்தான், அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அதனால் சின்ன கேமராவையே வாங்கு. யாருக்கும் சாமியிடம் வைக்கத் தோன்றாத அளவுக்குச் சாதாரணமாக இருக்கட்டும். மாவுக் கையோடும் எடுக்கலாம், அழுக்குச் சட்டையோடும் எடுக்கலாம். அதில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கிற ஓட்டை இல்லையாம், திரை வெளிச்சமாக இருக்குமாம், முகத்தைப் பெரியதாக்கி அப்பாவின் இடது கண்ணுக்குப் பக்கத்தில் காட்டலாம் என்கிறாள் யோகேஸ்வரி. பெரிய கேமராவுக்குப் பூசணம் எதுவும் இல்லை, பத்திரமாக இருக்கிறது.

நீ கப்பலுக்குப் போன நாளிலிருந்து உன்னை வா என்று ஒரு கடிதத்திலும் நான் எழுதச் சொன்னதில்லை. உன் பரீட்சை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், அடுத்த வருஷமும் அந்தப் பரீட்சை வரும் என்றும் தெரியும். உங்கள் கப்பல் தலைவரிடம் அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொல்லிக் கேட்டுப் பார். நீ வருவது அப்பாவுக்கு முன்னதாகத் தெரிய வேண்டாம், தெரிந்தால் வேண்டாம் என்பார். தொழிற்சாலை வாசலில் நின்று கூப்பிடு, லோரியின் சத்தம் தெரிகிறவருக்கு உன் குரல் தெரியாமலா போகும். குளிரில் காதை மூடிக்கொள், யாரோடும் சண்டைக்கு நிற்காதே, கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியும் உனக்குக் கிடைக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இரு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கேமராவைத் தபாலில் அனுப்பாதே. உன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தைப்பூசத்துக்கு முன்னால் நீயே கொண்டு வா.

இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போடும் உன் அம்மா,
ருக்குமணி