முப்பத்திரண்டு இடுப்பு

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் நலம். போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் அப்பா பக்கத்தை விட்டு நகர்வதில்லை, இங்கிருந்து பேசினாலோ சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிடுவேன். அதனால் வேலைக்கு நடுவில், ஆஸ்பத்திரியில் கருவி கழுவும் அறையில் உட்கார்ந்து எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் அப்பாவுக்குப் புதிதாகச் சர்க்கரை வந்தது. பிறகு உடம்பு இளைத்தது. தினமும் நடக்கிறார், அதனால்தான் என்று நானே பாராட்டினேன். முதுகு வலிக்கிறது என்றதற்குத் தைலம் தேய்த்தேன். இந்த வயதில் திடீர்ச் சர்க்கரையும் இளைப்பும் சேர்ந்து வந்தால் கணையத்தைப் பாருங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். இதற்காக என்னை நான் மன்னிக்கவே போவதில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் எண்டோஸ்கோப்பி அறையிலேயே பரிசோதனை நடந்தது. வாய் வழியாக இரைப்பைக்குள் குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கும் ஸ்கேனால் பின்னாலுள்ள கணையத்தைப் பார்ப்பார்கள். சொந்தக்காரர்களுக்குப் பார்க்கும்போது நாங்கள் உள்ளே நிற்பதில்லை. அன்று இன்னொரு நர்ஸ் விடுப்பு, நானும் பிடிவாதமாக நின்றுவிட்டேன். நோயாளி அரைத்தூக்கத்தில் இருப்பதால் அங்கே யாரும் நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. டாக்டர் திரையில் இரண்டு புள்ளி வைத்து அளந்தார். நாலரை சென்டிமீட்டர். பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சதை எடுக்கும் ஊசியை நான்தான் எடுத்து நீட்டினேன்.

மயக்கம் தெளிந்ததும் அப்பா, உள்ளே புதையல் ஏதாச்சும் கிடைச்சுதா என்று கேட்டார். வெறும் வீக்கம்தான் என்றேன்.

நேற்று ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய். ஆபரேஷனுக்கு வழியில்ல சிஸ்டர், மருந்து ஏத்தினா கொஞ்ச நாள் தள்ளும் என்றார் டாக்டர். திங்கட்கிழமை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருடமாக எண்டோஸ்கோப்பி அறை வாசலில் நின்று ஊராருக்கெல்லாம் தைரியம் சொன்ன வாய் எனக்கு. இப்போது திறக்க மாட்டேன் என்கிறது.

அடுத்த வருடம் நீ ஊருக்கு வரும்போது முப்பத்திரண்டு இடுப்பில் பேன்ட் வாங்கிவரச் சொன்னாராமே, இளைத்த பெருமையில். அதற்காகக் கடை கடையாக ஏறாதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர். என்ன திடீரென்று என்பார், சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. பேன்ட் எங்கே என்று கேட்டால் மட்டும், அடுத்த தடவை என்று அவரிடம் சொல்லிவிடாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா