மறுத்த அப்பம்

லெந்து நோன்பின் மூன்றாம் ஞாயிறு, இரவு

இன்று ஒருவருக்கு நற்கருணை அப்பம் தர மறுத்துவிட்டேன். நான் குருவான பிறகு இதுதான் முதல் முறை.

அவர் பீளமேட்டில் நூல் மில் வைத்திருக்கிறார். சங்கம் அமைத்த தொழிலாளிப் பெண்களை வெளியே நிறுத்தி, கேட்டைப் பூட்டி மூன்று வாரமாகிறது. அவர்களில் ஒருத்தியான எஸ்தர் பலிபீடத்தின் முன் மண்டியிட்டிருந்தாள். அவரும் பக்கத்திலேயே வந்து மண்டியிட்டுக் கையை நீட்டினார். ஒரே அப்பத்தைப் பகிர்கிறவர்கள் ஒருவர் பிழைப்பை ஒருவர் பறிக்கலாமா? "கேட்டைத் திறந்துட்டு வாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் எழுந்து போனார்.

எஸ்தர் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பூசை முடிந்து தூபப் புகை அடங்குவதற்குள் அழுதுகொண்டே வந்தாள்.

"ஏனுங்கய்யா, சாமி பந்தியில இருந்து ஆளை எழுப்பி அனுப்பிப்போட்டீங்களே! அவருகூட நாங்க சமமா மண்டி போடறது இங்க மட்டுந்தானுங்க."

ஏழைகளோடு நிற்பதும் பலிபீடத்தில் நிற்பதும் ஒன்றே என்று வருடக்கணக்காகப் பிரசங்கித்தவன் நான்.

சாயங்காலம் மில்லுக்குப் போனேன். வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. "இனிப் பேச்சே கெடையாதுன்னு மொதலாளி சொல்லீட்டாருங்க" என்றார். நாளைக்குச் சங்கத்துப் பெண்களைப் பேச வரச்சொல்லியிருந்தாராம். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

ஜெபிக்க உட்கார்ந்தேன். ஆண்டவரே, நான் காத்தது உம்முடைய பந்தியையா, என் கோபத்தையா?

காலைப் பூசைக்கு அப்பம் எடுத்து வைத்துவிட்டேன். முதலாளி வரமாட்டார். எஸ்தரும் வராவிட்டால் அதை யாருக்குப் பிட்டுக் கொடுப்பேன்?